அறுகம்புல்லுக்கு வரப்பு கிடைத்த கதை

மாட்டுக்கும் மண்ணுக்கும் புல்லுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மேற்கு மலைக்கும் கிழக்குக் கடலுக்கும் நடுவே கிடந்த செம்மண் காட்டில் முப்பிடாதி என்றொருத்தி இருந்தாள். கெட்டிக்காரி. ஒரு ஆள் செய்கிற வேலையை ஊதித் தள்ளிவிட்டு, அடுத்த ஆள் வேலையையும் எட்டிப் பார்ப்பாள். அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. வீட்டு முற்றம் போலவே வயலும் துப்புரவாக இருக்க வேண்டும். அவள் புருஷன் வண்டிமலையான் வாய் நிறைய வெற்றிலையும் வாய்க்குள்ளேயே பேச்சுமாக, அவள் இழுத்த இழுப்புக்கு நடப்பான்.

அப்போதெல்லாம் அறுகம்புல் இப்போதுபோலத் தரையில் ஓடாது. நெல்லுப் பயிர்போல நிமிர்ந்து, ஒற்றை வேரில் நிற்கும். காடெல்லாம் அதுதான். ஆடி பிறந்தால் மேல்காற்று மலைக் கணவாய் வழியாக இறங்கி வந்து, "ஏ மண்ணே, கடல் பார்த்திருக்கியா? வா, கூட்டிட்டுப் போறேன்" என்று கூப்பிடும். மண்ணுக்குக் கால் பரபரக்கும். உடனே அறுகு அதன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆடி கழியட்டும், அப்புறம் போகலாம்" என்று சொல்லும். ஆடி கழிந்தால் காற்று போய்விடும். மழை வந்துவிடும். மண்ணும் கடலை மறந்துவிடும். வருஷா வருஷம் இதே கதைதான்.

இது எதுவும் முப்பிடாதிக்குத் தெரியாது. அவள் கண்ணுக்கு அறுகு வெறும் களை. பிடுங்கினாள், பிடுங்கினாள், காடு முழுக்கப் பிடுங்கினாள். அந்த வருஷம் கம்பு ஆள் உயரத்துக்கு மேல் விளைந்தது. பார்த்த ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் பிடுங்கத் தொடங்கினார்கள்.

கடைசியில் அவள் வரப்பில் மட்டும் ஒரே ஒரு குத்து அறுகு மிஞ்சியது. அதன் மேலும் ஏரைத் திருப்பினாள். ஏரில் பூட்டியிருந்த மயிலைக் காளை முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது.

"இதையும் எடுத்துட்டா மத்தியானம் நான் எதைத் தின்பேன் தாயி?"

"வைக்கோல் தின்னு."

அறுகு கெஞ்சியது. "வரப்பையாவது எனக்கு விட்டுடு, முப்பிடாதி. உனக்கு நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"வரப்பு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று அவள் குனிந்து, அந்தக் குத்தை வேரோடு பிடுங்கி, முள்வேலிக்கு அப்பால் வீசினாள். வரப்பையும் உழுது விதைத்தாள்.

ஆடி பிறந்தது. ஒரு நாள் மேற்கே வானம் செங்கல் நிறமாக எழுந்து நின்றது. "வாரியா?" என்று காற்று கேட்டு முடிக்கவில்லை. "வாரேன்!" என்று காட்டு மண் மொத்தமும் துள்ளி எழுந்துவிட்டது. பிடித்து நிறுத்த ஆளில்லை. சூரியன் செப்புத் தட்டுபோலத் தொங்கியது. பட்டப்பகலில் வீடுகளில் விளக்கு ஏற்றினார்கள். கூழில் மண், கண்ணில் மண், கன்றுக்குட்டியின் மூக்கில் மண். விதைத்த விதையும் மண்ணோடு கிளம்பிப் போனது.

வண்டிமலையான் வெற்றிலையை மென்றான், நின்றான், துப்பினான். "ஏளா, நான் இம்புட்டு நேரமும் நம்ம வயலத்தான் மென்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

காற்று ஓய்ந்தபோது வயல் இருந்த இடத்தில் பாறை கிடந்தது. கிணறுகள் தூர்ந்திருந்தன. ஊரில் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள். முப்பிடாதி பாறைமேல் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகி, ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற?" என்றான் புருஷன்.

"என் மண்ணைக் கூட்டிட்டு வர."

கிழக்கே பக்கத்து ஊரில் ஒரு பெண் கூரைமேல் ஏறி மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள். "அது எங்க வயல் மண்ணு!" என்று முப்பிடாதி கீழே நின்று கத்தினாள்.

"உங்களதா? உன்னைத்தான் தாயி தேடிக்கிட்டு இருந்தேன்! கூரையில இருக்கு, பானையில இருக்கு, எங்க மாமியார் காதுக்குள்ளகூட இருக்கு. எல்லாத்தையும் வழிச்சு எடுத்துக்கோ!"

அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்துவிட்டுத்தான் முப்பிடாதியால் கிளம்ப முடிந்தது.

கடற்கரைக்குப் போனால், அவள் மண் மேடு மேடாகக் குவிந்து உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கடல் பார்த்தாச்சுல்ல? வீட்டுக்கு வா."

"பார்த்தாச்சு. ஒரே உப்பு" என்றது மண். "வரலாம்தான். ஆனா அங்க என்னைப் பிடிச்சுக்க யாரு இருக்கா? அடுத்த ஆடிக்குக் காத்து கூப்பிட்டா மறுபடியும் ஓடிருவேன். என் புத்தி எனக்குத் தெரியும். அறுகு இருந்தாச் சொல்லு, வாரேன்."

முப்பிடாதிக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஓட்டமும் நடையுமாகத் திரும்பி, முள்வேலி ஓரம் போய்த் தேடினாள். அங்கே மயிலைக் காளை எதையோ காவல் காத்து நின்றது. அதன் காலடியில், காய்ந்த சருகுக்குள், ஒரு கணு மட்டும் பச்சையாக இருந்தது.

"பசியில வாய் வரைக்கும் கொண்டு போயிட்டேன் தாயி" என்றது காளை. "ஒத்தையில கிடக்கேன்னு அழுதுச்சு. விட்டுட்டேன்."

முப்பிடாதி மண்டியிட்டு, பக்கத்து ஊரில் கூட்டிப் பெட்டியில் அள்ளி வந்த பிடி மண்ணில் அதை ஊன்றினாள். "தெரியாமச் செஞ்சிட்டேன். வந்துரு."

அறுகு அந்தப் பிடி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது. "நான் இப்ப ஒருத்திதான். நிமிர்ந்து நின்னா ஒரு பிடி மண்ணைத்தான் பிடிக்க முடியும். அதனால படுத்துக்கிடுதேன். படுத்தபடியே ஓடி, ஓடுற இடமெல்லாம் ஒரு கால் ஊனிக்கிடுதேன். ஆனா வரப்பு எனக்கு. அதுல ஏர் படக்கூடாது. விதைக்கப் போறதுக்கு முன்னால என்னைத் தலையில வைக்கணும்."

"யார் தலையில?"

"அவ தலையில வச்சா கொண்டைக்குள்ள காணாமப் போயிருவ" என்றான் பின்னாலேயே வந்து நின்ற வண்டிமலையான். சாணியை உருட்டிப் பிள்ளையார் பிடித்து, "இவர் தலையில வைப்போம்" என்றான். அறுகுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றது.

மூட்டை கட்டியவர்கள் மூட்டையை அவிழ்த்தார்கள். ஊரே வண்டி பூட்டிப் போய் மண்ணை அழைத்து வந்தது. கடலை விட்டு வர மனமில்லாத மண் மட்டும் அங்கேயே செந்தேரியாக, சிவந்த மணல்மேடாகக் கிடந்துவிட்டது. மழை விழுந்தது. அறுகு வரப்பெல்லாம் ஓடியது.

மறு ஆடியில் காற்று வந்து, "வாரியா?" என்றது. மண் துள்ளியது. அறுகு அத்தனை கால்களையும் ஊன்றிப் பிடித்துக்கொண்டது. காற்றுக்குக் கிடைத்தது ஒரு கைத் தூசிதான். அதை வைத்துக்கொண்டு வயலுக்குள் நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்தது, வரப்பில் கால் இடறியது, தூசியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டது. முப்பிடாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று முதல்தான் அறுகம்புல் தரையோடு படுத்துக் கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுகிறது. சாணிப் பிள்ளையார் தலையில் அது ஏறி உட்காராமல் உழுது பிழைக்கிற எந்தச் சம்சாரியும் விதைப்பெட்டியைத் தொடுவதில்லை.