வைக்கட்டுமா

குரு என்பவர் சீடரைவிட மூத்தவராக இருக்க வேண்டும் என்றொரு நம்பிக்கை நாட்டில் நிலவுகிறது. இது கடுமையான பிழை. இதைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

கட்டடக் கலைஞர் அமலோற்பவத்துக்கு வயது முப்பத்து நான்கு. அவரிடம் சீடராகச் சேர்ந்த குணசீலனுக்கு ஐம்பத்தொன்று. குரு சீடரை 'சார்' என்றுதான் அழைப்பார். இதற்கு எந்த நூலிலும் தடை இல்லை, தேடிப் பார்த்தாயிற்று.

குணசீலன் நெடுங்காலம் செல்போன் செயலிகள் செய்தவர். எடுத்த கை போனைக் கீழே வைக்க முடியாதபடி செய்வதில் கெட்டிக்காரர். ஒருநாள் அந்தத் தொழில் அவருக்கே கசந்தது. மக்கள் போனை மறந்து ஒரு மணி நேரம் சும்மா உட்காருவதற்காக, ஓர் அறக்கட்டளையின் பணத்தில், ஏலகிரி மலைமேல் ஒரு கூடம் கட்டினார்.

கனத்த சுவர்களும் தாழ்ந்த ஜன்னல்களும் குரு சொல்லித்தந்தவை. வாசலில் போனைப் பூட்டிவைக்கும் பெட்டிகள் சீடரின் சொந்த யோசனை. அவர் எழுதிய செயலி, ஒரு மணி நேரம் முடிந்தால்தான் பெட்டியைத் திறக்கும்.

சீடர் புகாரோடு வந்தார்.

"பத்து நிமிஷம்கூட யாரும் தாங்கல மேடம். வெளிய வந்து பெட்டியைத் தட்டுறாங்க. ஞாயித்துக்கிழமை அறக்கட்டளைத் தலைவர் வர்றார். அப்பவும் இதே கதைன்னா, கூடத்தைச் சாப்பாட்டு ஹால் ஆக்கிடுவாராம்."

போனில் சொல்கிறேன், போங்கள் என்றார் அமலோற்பவம்.

குணசீலன் பஸ் ஸ்டாண்டை அடைந்தபோது அழைப்பு வந்தது. குரு ஜன்னல்களைப் பற்றி விரிவாகப் பேசினார். பிறகு, "சார், உங்க தப்பு எங்க இருக்குன்னா..." என்றார். தொடர்பு அறுந்தது.

சீடர் திரும்ப அழைத்தார். குரு எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். மறுபடியும். பஸ் வந்தது, போனது. அவர் ஏறவில்லை. கடைசியில் குருவின் அலுவலகத்துக்கே மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"என்ன ஆச்சு மேடம்?"

"ஒண்ணும் ஆகலையே. கட் பண்ணிட்டேன்."

"பாதியிலயா?"

"உங்க பெட்டி அதைத்தானே செய்யுது?"

சீடர் உட்கார்ந்தார். குரு தண்ணீர் கொடுத்தார்.

"பேசி முடிக்கிறப்ப நாம என்ன சொல்வோம் சார்?"

"வைக்கட்டுமான்னு கேட்போம்."

இலக்கணப்படி அது வினா. வழக்கில் அது விண்ணப்பம்.

"அப்புறம்?"

"அந்தப் பக்கம் இருக்கிறவங்க, சரி வைங்கன்னு..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. பெட்டிகளைக் கழற்றப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு பெஞ்சும் ஒரு மேசையும் மட்டும் இருந்தன. வருகிறவர் பெஞ்சில் உட்கார்ந்து தன் மனிதர் ஒருவரை அழைக்க வேண்டும். ஒரு மணி நேரம் கிடைக்க மாட்டேன் என்று சொல்லி, வைக்கட்டுமா என்று கேட்க வேண்டும். சரி என்று பதில் வந்தபின் போனை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போகலாம். பூட்டு கிடையாது.

வேலூர் மளிகை வியாபாரி ஒருவர், தனக்கு அப்படி யாருமில்லை என்றார். அமலோற்பவம் தன் எண்ணைக் கொடுத்து, நாலடி தள்ளிப் போய், போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

வியாபாரி, வைக்கட்டுமா என்று கேட்டார்.

"சரிங்கண்ணா, நிம்மதியா வைங்க."

வியாபாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

தலைவர் வந்தார். தலைவனே அனுமதி கேட்க வேண்டுமா என்று வம்பு பேசினார். ஆனாலும் உட்கார்ந்து மனைவியை அழைத்தார். அந்த அம்மாள் என்ன சொன்னாரோ, மனிதர் போனை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அந்த ஒரு மணி நேரம் கூடத்தின் கதவு திறக்கவில்லை. சாப்பாட்டு ஹால் பற்றித் தலைவர் பிறகு பேசவும் இல்லை.

குணசீலன் குருவிடம் வந்தார். குருவுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"எனக்கு எதுக்கு சார்? இத்தனை மாசம் உங்களை இங்க விட்டுவச்சவங்களுக்குச் சொல்லுங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து, சென்னையிலிருக்கும் மனைவி தவமணியை அழைத்தார். வீட்டைத் தனியாகப் பார்த்துக்கொண்டதற்குத் தடுமாறித் தடுமாறி நன்றி சொன்னார். தானும் ஒருமுறை கூடத்துக்குள் போய் உட்காரப்போவதாகச் சொன்னார்.

"வைக்கட்டுமா தவம்?"



"இப்பதானே கூப்பிட்டீங்க," என்றார் தவமணி. "வைக்காதீங்க."

மாலை ஆறு மணிக்குக் கூடத்தைச் சாத்தினார்கள். குணசீலன் அன்று உள்ளே போகவில்லை.