குப்பை வண்டிப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

அந்த நகரத்தில் குப்பை வண்டி வந்தாலே ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பழைய பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது, பாவம்! நகராட்சித் தலைவர் ஒரு போட்டி வைத்தார். யாரும் கேட்டிராத புது மெட்டு வேண்டும். அதைக் கேட்டதும் ஜனங்கள் குப்பையோடு வெளியே வர வேண்டும். ஜெயிப்பவர் பெயர் நாற்பது வண்டிகளிலும் எழுதப்படும். ஒரே ஒரு பெயர்தான்.

அந்தப் பெயரைச் சொல்லும் பொறுப்பு சுகாதார ஆய்வாளர் அங்கயற்கண்ணியின் தலையில் விழுந்தது. பரிசளிப்பு விழா நாள் காலையில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பகல் பன்னிரண்டுக்குள் தலைவருக்குப் பெயர் போயாக வேண்டும். மேசைமேல் இரண்டு கோப்புகள். ஒன்று பரிசு. இன்னொன்று அவளே கையெழுத்துப் போட்ட மெமோ.

நடந்தது இதுதான். கல்லூரி விரிவுரையாளன் நவநீதன், தானே கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க் ஒன்றைக் கணினியில் உருவாக்கி, இரண்டாயிரம் மெட்டுகளை அதற்குப் பழக்கினான். அது ஒரே பகலில் முந்நூறு புது மெட்டுகளைக் கொட்டியது. எது நல்லது என்று அதற்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை! பாட்டு டீச்சர் எஸ்தர் ஒன்பது நாள் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டு, ஒன்றை எடுத்தாள்.

மெட்டு வண்டி ஏறியது. ஜனங்கள் ரசித்தார்கள். ஜன்னலில் நின்று ரசித்தார்கள், ஐயா! வாளியோடு ஒருவரும் இறங்கி வரவில்லை.

பேட்டரி வண்டி ஓட்டும் தற்காலிகத் தொழிலாளி வேலம்மா என்ன செய்தாள் தெரியுமா? மெட்டு உச்சிக்கு ஏறி, இறங்கப்போகும் இடத்தில் சுவிட்சைத் தட்டி நிறுத்தினாள். "மக்குற குப்பை! மக்காத குப்பை!" என்று கூவிவிட்டு மறுபடி போட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே இடம். நான்காம் நாள், தெருவே வாளியோடு வந்து நின்று, பாட்டு நிற்கும்போது கூடவே கூவியது. மற்ற ஓட்டுநர்களும் அப்படியே செய்தார்கள்.

ஆனால் பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது நகராட்சி உத்தரவு. அதற்குத்தான் மெமோ. உறுதியானால் வேலம்மாவுக்கு வேலை போய்விடும். அவசரப்பட்டுவிட்டோமே என்று அங்கயற்கண்ணி கையைப் பிசைந்தாள்.

மூவரையும் கூப்பிட்டாள்.

"நெட்வொர்க் இல்லேன்னா மெட்டே இல்ல மேடம்," என்றான் நவநீதன்.

"முந்நூறுல இதுதான் பாட்டுன்னு கண்டுபிடிச்சது யாரு?" என்று பொரிந்தாள் எஸ்தர்.

வேலம்மா பரிசைப் பற்றிப் பேசவே இல்லை. "மெமோவ மட்டும் ரத்து பண்ணுங்க மேடம். ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க."

"அந்த இடத்துல ஏன் நிறுத்தினே?"

"அங்க வந்தா பாட்டு ஏதோ கேக்குற மாதிரி இருக்கு. யாராச்சும் ஏதாச்சும் பதில் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு மேடம்."

மணி பதினொன்றே முக்கால். கேட்டுக்கொண்டிருக்கும் புத்திசாலிகளே, நீங்களே சொல்லுங்கள்: வண்டியில் யார் பெயரை எழுதுவது நியாயம்? அந்த மெமோவை என்ன செய்வது?

விடை: நெட்வொர்க்குக்குத் தன் மெட்டை யார் கேட்பார்கள் என்ற கவலையே கிடையாது. அதை உருவாக்கிய நவநீதனுக்கோ எது நல்ல மெட்டு என்றே தெரியவில்லை. எஸ்தருக்கு நல்ல காது. ஆனால் கிடைத்ததைக் கிடைத்தபடியே கொடுத்தாள். போட்டி கேட்டது ஜனங்களை வெளியே வரவைக்கும் பாட்டை. அது வேலம்மாவின் கை சுவிட்சில் பட்ட பிறகே பிறந்தது. அவள் பெயரே நியாயம். மெமோ பதிவேட்டில் ஏறிவிட்டதால் அங்கயற்கண்ணியால் அதைக் கிழிக்க முடியவில்லை. அதன் கீழேயே எழுதினாள்: "இவர் பாட்டை நிறுத்தியது உண்மை. பரிசு அதற்குத்தான். மாற வேண்டியது உத்தரவு."