வடம் பிடித்தவருக்குக் கேட்காத குரல்

தில்லையம்மை வைத்தியரின் சீடர்களில் செங்கோடன் ஒருவர்தான் குருவைவிட மூத்தவர். நன்றாக நடந்துகொண்டிருந்த கடையை மூடிவிட்டு, நரைத்த தலையோடு வைத்தியம் படிக்க வந்து உட்கார்ந்தார். படித்தது எதுவும் மண்டையில் ஏறவில்லை. அப்படி இருந்தவர் திடீரென்று ஆளே மாறிப்போனார். தூக்கம் இல்லை, களைப்பும் இல்லை. மருந்துப் பாடல்களை மூச்சுவிடாமல் ஒப்பித்துத் தள்ளினார்.

காரணம் மருந்தறையில் இருந்தது. எடுத்த வேலையில் மனம் நிற்காமல் தவித்த தச்சர் ஒருவருக்கு அம்மை ஒரு பச்சிலையை அளந்து கொடுத்துவந்தார். அதைச் செங்கோடன் அளக்காமல் மென்றுகொண்டிருந்தார்.

ஒருநாள் அவராகவே அதைச் சொல்லியும்விட்டார்.

"அம்மா, இந்த இலையைத் தின்னா உலகமே என் கைக்குள்ள இருக்கு. தச்சருக்கு மட்டும் ஏன் குடுக்கீங்க? எல்லாருக்கும் குடுத்தா என்ன?"

அம்மை கோபித்துக்கொள்வார் என்று செங்கோடன் நினைத்தார். அம்மையோ அவருடைய கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"அது தலைக்குள்ள என்ன செய்யுது, அண்ணாச்சி?"

"பலம் குடுக்கு."

"இன்னையோட அதை விடுங்க. நாளைக்குத் தேருக்கு வாங்க, பேசுவோம்."

செங்கோடன் சரியென்று தலையை ஆட்டினார். விடிந்ததும் ஒரு கைப்பிடி இலையை வாயில் போட்டுக்கொண்டுதான் தேருக்குக் கிளம்பினார்.

அந்த ஊர்த் தேரில் முன்சக்கரத்துக்குக் கட்டை போடுவது அவர் குடும்பத்து உரிமை. இப்போது தம்பி பொன்னப்பன் போடுகிறான். வடம் பிடிக்கிறவர்களால் இழுக்க மட்டுமே முடியும். தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தின் அடியில் கொடுக்கும் கட்டைதான். உருளுகிற சக்கரத்தை ஒட்டியே நடந்து, குனிந்து கட்டையைக் கொடுத்துவிட்டு, காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஆள் மிஞ்சமாட்டான்.

செங்கோடன் வடத்தின் முன்னால் போய் நின்றார். "இழுங்கடே!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற இளவட்டங்களுக்கும் வேகம் பிடித்துக்கொண்டது. ஆமையாய் நகரும் தேர் ஓடத் தொடங்கியது. என்ன ஆனந்தம்! ஒற்றை ஆளாகவே இழுத்துவிடலாம் என்று தோன்றியது அவருக்கு.

படாரென்று ஒரு சத்தம். வடம் வெட்டி இழுத்ததில் செங்கோடன் தடுமாறித் திரும்பினார்.

தெருமுனையில் தேர் ஒருபக்கமாய்ச் சாய்ந்து நின்றது. சக்கரத்தின் அடியில் கட்டை பிளந்து கிடந்தது. அதை ஒட்டி மண்ணில் பொன்னப்பன் கிடந்தான். சக்கரத்துக்கும் அவன் காலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. பின்வரிசைக்காரர்கள் எப்போதோ வடத்தை விட்டிருந்தார்கள்.

"அண்ணே, அண்ணேன்னு தொண்டை கிழியக் கத்தினேனே. கேக்கலியா?"

தம்பி தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து செங்கோடன் அறிந்த குரல் அது.

அம்மை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பொன்னப்பனின் காலைத் தடவிப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை. பிறகு செங்கோடனின் வாயிலிருந்த பச்சை நிறத்தைப் பார்த்தார். சக்கரத்துக்கு எதிரே இருந்த வீட்டுப் படியில் அவரை உட்காரவைத்தார்.

"இப்போ பாருங்க."

பொன்னப்பன் புதுக் கட்டையோடு நின்று கையைத் தூக்கினான். தேர்த்தட்டில் நின்றவர் அதைப் பார்த்துத் துண்டை வீசினார். துண்டைப் பார்த்து மேளம் தணிந்தது. மேளம் தணிந்ததும் ஒரு வடம் தொய்ந்தது, மறு வடம் முறுக்கேறியது. பொன்னப்பன் குனிந்து கட்டையைக் கொடுத்தான். அவ்வளவு பெரிய தேர் முனகிக்கொண்டே மெல்ல, மிக மெல்ல, அடுத்த தெருவைப் பார்த்துத் திரும்பியது.

செங்கோடன் தன்னை அறியாமல் கைகூப்பினார். விவரம் தெரிந்த நாள்முதல் வடம் பிடித்தவர் அவர். தேர் எப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. அது திரும்புவதை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"யாரும்மா இதைத் திருப்பினது?"

"நீங்கதானே பாத்துக்கிட்டு இருந்தீங்க. சொல்லுங்க."

பொன்னப்பன் என்று சொல்ல வாயெடுத்தார். மேளம் என்று சொல்லலாமா என்று யோசித்தார். பிறகு தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.

"இதுக்குள்ளேயும் இப்படித்தானா?"

"அது இதைவிடப் பெரிய தேர், அண்ணாச்சி."

"அப்போ அந்தத் தச்சருக்கு மட்டும் இலை எதுக்கு?"

"அவருக்கு வடம் தொய்ஞ்சு கிடக்கு. உங்களுக்கு யார் தொய்ஞ்சதுன்னு சொன்னா?"

செங்கோடனின் கண் நிறைந்துவிட்டது.

"என் தம்பி கூப்பிட்டது எனக்குக் கேக்கலியேம்மா."

"அவன் இன்னைக்குத்தானே கத்தினான்," என்றார் அம்மை. "உங்களுக்குள்ள கட்டை போடுதவன் எத்தனை நாளாக் கத்திக்கிட்டு இருக்கானோ. போய்ப் படுத்துத் தூங்குங்க."