கடைசி இலைக்கு வந்த கறிவேப்பிலை

முன்னொரு காலத்தில், ஈரேழு பதினான்கு உலகங்களும் கிடுகிடுக்கச் செங்கோல் செலுத்திய மகாமேருவர்மர் என்ற மாமன்னர் ஒருவர் இருந்தார். பதினான்கு உலகங்கள் என்று சொன்னவர் அரண்மனைப் புலவர். நடந்து பார்த்தவர்கள் சொன்னபடி, கிழக்கே ஒரு புளியந்தோப்பு, மேற்கே ஒரு வாய்க்கால், இடையில் முப்பத்திரண்டு ஊர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மன்னருடைய மாமனாரின் நாடு. அங்கே போனால் கிடுகிடுத்தது மன்னர்தான்.

அந்த மன்னருக்கு ஒருநாள் காலையில் திடீரென்று ஏழைகள் மேல் இரக்கம் வந்துவிட்டது. இரக்கம் வந்தால் அவர் பொருளமைச்சர் தனகோடிராயரைக் கூப்பிடுவார். ராயர் வந்தால் இரக்கம் போய்விடும்.

“ஏழைகள் ஏன் இன்னும் ஏழைகளாகவே இருக்கிறார்கள், ராயரே?”

“பணக்காரர்களை நாம் சரியாகக் கவனிக்காததால்தான், மன்னர் பெருமானே.”

மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ராயர் விளக்கினார். “பாத்திரம் நிறைந்தால்தானே வழியும்? மேலே இருப்பவர்கள் முதலில் நிறைய வேண்டும். நிறைந்ததும் தானாகக் கீழே வழியும். ஏழைகள் கையை நீட்டி ஏந்திக்கொண்டால் போதும். ஆகவே மாடவரியை எடுத்துவிடலாம்.”

வீட்டுக்கு எத்தனை மாடியோ அத்தனைக்கும் கட்டுவது மாடவரி. நாட்டில் மாடிவீடு மொத்தம் ஏழு. ஐந்து மாடியுள்ளது ராயருடையது. மற்ற ஆறும் அவருடைய மருமகன்களுடையவை.

“கஜானா காலியாகிவிடாதா?”

“அதற்குத்தான் அடுப்புவரி. அடுப்புக்கு ஒரு பணம். மாளிகையானாலும் குடிசையானாலும் ஒரே விதி. ஏற்றத்தாழ்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.”

இந்த நியாயம் மன்னருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ராயர் வீட்டில் இருந்தது நீளமான ஒரு கோட்டையடுப்பு. பன்னிரண்டு அண்டாக்கள் வரிசையாக ஏறினாலும் அடுப்பு ஒன்றுதான்.

தெற்குவாசலில் கஞ்சி விற்கும் வெள்ளையம்மாவிடம் இருந்தவை மூன்று. கஞ்சிக்கு ஒன்று, களிக்கு ஒன்று, கொள்ளு வேகவைக்க ஒன்று. மறுநாள் காலையில் அரண்மனை விகடகவி சாத்தப்பன் வழக்கம்போலக் கஞ்சி குடிக்கப் போனபோது, அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா, அடுப்பு தூங்குது?”

“மண்ணைக் குழைச்சு மூடி ராசா முத்திரையக் குத்திட்டுப் போயிட்டாங்க அண்ணே. மூணுக்கும் வரி கட்டினாத்தான் தொறப்பாங்களாம். அடுப்பு எரிஞ்சாத்தானே எனக்குக் காசு? காசு குடுத்தாத்தான் அடுப்பாம். ரெண்டு பிள்ளையும் நேத்துலேருந்து பச்சத்தண்ணி. எவன் மூளையோ தெரியல, நல்லா வேலை செய்யுது.”

“மேலேருந்து வழியுமாம் வெள்ளையம்மா. ராயர் சொல்லியிருக்காரு.”

“எந்தப் பக்கமா வழியும்னு கேட்டுச் சொல்லுங்க. சட்டியக் கொண்டுபோயி வெக்கிறேன்.”

சாத்தப்பன் வெறும் வயிற்றோடு சபைக்குப் போய் அதையே கேட்டான். “மன்னர் பெருமானே, தெற்குவாசல் கஞ்சிக்காரி சட்டியோடு காத்திருக்கிறாள். எந்தப் பக்கம் வழியும் என்று அமைச்சர் சொன்னால், அவள் வேறு பக்கம் வைத்து ஏமாறாமல் இருப்பாள்.”

சபை சிரித்தது. ராயர் சிரிக்கவில்லை. பல நாளாகவே அவருக்கு இவன்மேல் ஒரு கண் உண்டு.

“மன்னா, கேலி செய்பவனையே செய்து காட்டச் சொல்லுங்கள். மேலே நிறைந்து கடைசி ஆள்வரை வழிந்து வருவதை எட்டு நாளில் ஊரே பார்க்கும்படி இவன் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் மன்னர். “வழிந்தால் நீ இருக்கலாம், சாத்தப்பா. வழியாவிட்டால் வாய்க்காலைத் தாண்டி என் மாமனாரிடம் போய்விடு. அவருக்கும் ஒரு தண்டனை வேண்டும்.”

“உத்தரவு. வழிந்து வந்தது போதவில்லை என்றால்?”

“கடைசி ஆள் தன் வாயால் ‘போதாது’ என்று சொல்லட்டும். அந்த நிமிஷமே அடுப்புவரியை எடுத்து, மாடவரியைத் திரும்பப் போடுகிறேன்.”

ராயர் உடனே தலையாட்டினார். அந்த நாட்டில் கடைசி ஆள் எவனும் மன்னர் முன்னால் வாயைத் திறந்ததே இல்லை.

“எட்டாம் நாள் பட்டாபிஷேக விருந்து வருகிறது. அதன் பொறுப்பை மட்டும் எனக்குக் கொடுங்கள்” என்றான் சாத்தப்பன். கொடுத்தார்கள்.

அந்த விருந்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. பட்டாபிஷேக நாளில் மன்னர் குடிமக்களோடு ஒரே பந்தியில், கடைசி இலையில் உட்கார வேண்டும். முதல் கவளம் வாய்க்குள் போகும்வரை பேசக்கூடாது. பணிவைக் காட்டுவதற்காக முன்னோர் ஒருவர் ஏற்படுத்தியது இது. பின்னால் வந்தவர்கள் பரிமாறுவதைக் கடைசி இலையிலிருந்து ஆரம்பிக்கச் செய்துகொண்டார்கள். பணிவும் கெடவில்லை, வடையும் ஆறவில்லை.

விருந்தன்று கல்பாவிய நீளக்கூடத்தில் அறுபது இலைகள் ஒரே வரிசையில் விழுந்தன. கழுவிவிட வசதியாகத் தரையை வாட்டமாகப் போட்டிருந்தார்கள். தண்ணீர் போகும் ஜலதாரை கடைசி இலைக்குப் பக்கத்தில். அதன்மேல் பட்டு விரித்து மன்னரை உட்காரவைத்திருந்தார்கள். அவருக்கு அடுத்த இலையில் வெள்ளையம்மா, மடியில் சட்டியோடு. முதல் இலையில் ராயர். அவரை ஒட்டி ஆறு மருமகன்கள்.

சாத்தப்பன் பரிமாறுகிறவர்களைக் கூட்டிச் சொன்னான்: “இன்று அரசாங்கத் திட்டப்படி பந்தி. முதல் இலை நிறைந்து வழிந்த பிறகுதான் இரண்டாவது இலை. அது வழிந்தால் மூன்றாவது. யாராவது ‘போதும்’ என்று சொன்னால் உடனே அடுத்த இலைக்கு நகருங்கள்.”

தலைமைச் சமையற்காரர் பதறினார். “கடைசியில ராசால்ல உக்காந்திருக்காரு?”

“ஆட்சேபணை உண்டா என்று அவரையே கேளுங்கள்.”

மன்னர் மௌனத்தில் இருந்தார். ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ராயர் இலையில் சோறு விழுந்தது. குவிந்தது. குன்றாயிற்று. “ஐயா, போதுமா?” என்று பணிவாகக் கேட்டான் சாத்தப்பன். “இன்னும் நிறையவில்லை” என்றார் ராயர். ஓரத்தில் சரியப்போன சமயத்தில் சட்டென்று இன்னொரு இலையை இழுத்து ஒட்டவைத்துக்கொண்டார். பிறகு இன்னொன்று. அவியல் வந்தது, கூட்டு வந்தது, பாயசம் வந்தது. பின்னால் நின்ற அவருடைய ஆட்கள் ஓர் அண்டாவை நீட்டினார்கள்.

“இது எதற்கு, ஐயா?”

“மழை பொய்க்கிற ஆண்டுக்கு.”

இரண்டாவது இலையில் இருந்த மூத்த மருமகன் தொண்டையைச் செருமினான். “மாமா, கொஞ்சம் வழியவிடக்கூடாதா?”

“உனக்கும் சேர்த்துத்தான் மாப்பிள்ளை வெச்சிருக்கேன். பேசாம இரு.”

ஐம்பத்தொன்பது இலைகளுக்கு அப்பால் மன்னர் எதையும் பார்க்க முடியவில்லை. நெய் வாசனை மட்டும் வந்தது. “வடை! இன்னும் வடை!” என்ற குரல் வந்தது. அவர் பேசவில்லை. வயிறு பேசியது. வெள்ளையம்மா அவர் பக்கம் சாய்ந்து, “மொத நாளுதான் இப்படிக் கத்தும் மகராசா. மூணாம் நாளு அதுவா அடங்கிரும்” என்றாள்.

கடைசியாக ரசம் வந்தது. ரசத்தைக் குவிக்க முடியாது. அது ஓடப் பார்த்தது. பந்தியில் எல்லோரும் செய்வதைத்தான் ராயரும் செய்தார். சோற்றை வழித்துச் சுற்றிலும் கரை கட்டினார். ரசம் ஏறியது. கரையை உயர்த்தினார். மேலும் ஏறியது. வடைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தார். “ஐயா, போதுமா?” என்று சாத்தப்பன் கேட்டான். போதும் என்ற சொல் ராயர் வாயில் அதுவரை பழகியதில்லை. மூன்றாவது அண்டா ரசத்தில் கரை உடைந்தது.

ரசம் வாட்டத்தில் ஓடியது. மருமகன்கள் ஆறு பேரும் அதோடு அடித்துவந்த சோற்றுப் பருக்கைகளால் ஆளுக்கொரு கரை போட்டார்கள். அதற்கு அப்புறம் இருந்தவர்கள் விரலால் தொட்டு நக்கினார்கள். ஐம்பதாவது இலை தாண்டியபோது அது வெறும் ஈரம். ஐம்பத்தொன்பதாவது இலைக்கு வந்தபோது வெள்ளையம்மா சட்டியை நீட்டினாள். ஒரு கறிவேப்பிலை வந்து ஒட்டியது. அவள் அதை எடுத்து, மிக்க மரியாதையோடு மன்னர் இலையில் வைத்தாள்.

“வந்திருச்சு மகராசா.”

மன்னர் அதை வாயில் போட்டு மென்று விழுங்கினார். மௌனம் முடிந்தது.

“சாத்தப்பா! என் சாப்பாடு எங்கே?”

“இப்போது தாங்கள் உண்டதுதான், மன்னர் பெருமானே. மேலே நிறைந்து, ஊரே பார்க்க, கடைசி ஆள்வரை வழிந்து வந்திருக்கிறது.”

ராயர் சோற்றுமலைக்குப் பின்னாலிருந்து எழுந்து ஓடிவந்தார். “மன்னா, மோசடி! அது வழியவில்லை. கரை உடைந்து ஓடியது!”

“கரை கட்டியவர் அவர்தான்” என்றான் சாத்தப்பன். “தற்செயலாக உடைந்திராவிட்டால் மன்னருக்கு இதுவும் கிடைத்திராது. தாங்கள் சொல்லுங்கள், பெருமானே. போதுமா?”

“போதாது!” என்று கூடமே அதிரும்படி கத்தினார் கடைசி ஆள்.

கத்திய பிறகுதான், எட்டு நாளுக்கு முன்னால் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. ராயருக்கும் வந்தது. ராயரின் மீசையில் ரசம் சொட்டியது. அதைப் பார்த்த மன்னருக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. பசியும் சிரிப்பும் சேர்ந்ததில் அவர் பட்டிலிருந்து நழுவி ஜலதாரையில் ஒரு காலை விட்டுக்கொண்டார்.

“வழிந்ததால் நீ இருக்கிறாய். போதாததால் அடுப்புவரி போகிறது. ராயரே, ஐந்து மாடிக்கும் வரியை நாளைக்கே கட்டும்” என்று சொல்லி, கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பனுக்குப் போட்டார். ராயரின் அண்டாவைப் பிடுங்கிக் கடைசி இலையிலிருந்து பரிமாறினார்கள். சாயங்காலமே வெள்ளையம்மாவின் மூன்று அடுப்புகளிலும் முத்திரை உடைந்தது.

கடைசி இலையில் அமர்ந்து குடிகளின் பசியை அறிந்த கோமான் என்று புலவர் நூறு பாட்டுப் பாடினார். அதைக் கல்லிலும் வெட்டி, கூடத்து வாசலில் நட்டார்கள்.

அடுத்த பட்டாபிஷேக விருந்தில் மன்னர் முதல் இலையில் உட்கார்ந்தார்.