கரிச்சானுக்கு ஊரார் குரல் வந்த கதை

பறவைகளுக்கும் மனிதர்களுக்கும் பேச்சுவார்த்தை முறியாமல் இருந்த அந்தக் காலத்தில், முகிலடி என்ற மலையூரில் கோலப்பன் என்றொருவன் இருந்தான். தொலைபேசிக் கம்பி பார்ப்பது அவன் வேலை. ஊர் முகப்பில் ஓர் இரும்புப் பெட்டி நின்றது. அந்தப் பெட்டியிலிருந்து நாற்பது வீட்டுக்கும் நாற்பது ஜோடிக் கம்பிகள் ஒரே கறுப்பு உறைக்குள் ஒன்றாகப் புறப்படும். போகப் போக வீட்டுக்கு ஒரு ஜோடியாகப் பிரிந்துகொண்டே வரும். எல்லாம் பிரிந்த பிறகு மிஞ்சுகிற கடைசி ஜோடி, மேட்டின் உச்சியில் தனியாக நின்ற கோலப்பன் வீட்டுக்குப் போகும்.

அவனுக்கு ஓர் அக்கா. பெயர் பகவதி. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வரவில்லை. பெற்றவர்கள் அவளுக்குக் காட்டிய சைகை வா, போ, சாப்பிடு என்ற மூன்றோடு சரி. மீதிப் பேச்சையெல்லாம் அக்காளும் தம்பியும் சேர்ந்து கைகளால் உண்டாக்கினார்கள். கணுக்காலைக் கிள்ளினால் அட்டை. இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடித் திறந்தால் மூடுபனி. ஒரு கையின் விரல்களை எண்ணிவிட்டு ஆறாவது விரலைத் தேடினால், பொய் சொல்கிறாய் என்று அர்த்தம். இப்படி நூற்றுக்கணக்கான சொற்கள். உலகத்தில் அந்தப் பாஷையைப் பேசியவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

பெற்றவர்கள் காலமான பிறகு பகவதிக்குக் கடலோரப் பட்டணம் ஒன்றில் மீன்வலை பின்னும் ஆலையில் வேலை கிடைத்தது. இயந்திர இரைச்சலில் மற்றவர்கள் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காத இடம் அது. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் போய்வர இரண்டு நாள் பயணம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆகவே கடிதமும் இல்லை. ஊருக்கெல்லாம் தொலைபேசி பார்த்துக் கொடுத்த கோலப்பனுக்குத் தன் அக்காவோடு பேசத் தொலைபேசியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஊராரோடு அவன் அதிகம் பழகியதில்லை. கம்பத்தில் ஏறுவான், இறங்குவான், போவான். கடையில் உப்பு கேட்பதற்கு வாய் போதும். கைகளுக்குத்தான் வேலை இல்லாமல் போயிற்று. ஒரு நாள் காட்டுப் பாதையில் காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துப் போட்டபோது, அதற்கு அக்கா காட்டும் சைகை அவனுக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான். வந்துவிட்டது. ஆனால் ஒரு பயம் புகுந்துகொண்டது. இங்கே நான் மறந்து, அங்கே அவளும் மறந்துவிட்டால்?

அந்தச் சமயத்தில்தான் தொலைபேசிக் கம்பி வழியாகவே படமும் போகிற இயந்திரங்கள் வந்தன. முகிலடியில் எல்லோரும் வாங்கினார்கள். கோலப்பனும் வாங்கினான். ஆலை விடுதியிலும் ஒன்று வைத்தார்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஆறரை வரை அது பகவதியின் முறை.

முதல் நாள் திரையில் அக்காவின் முகம் வந்ததும் அவன் இரண்டு கைகளையும் தூக்கினான். அவளும் தூக்கினாள். அவ்வளவுதான். படம் உறைந்துவிட்டது. அவள் கைகள் பாதிச் சொல்லில் தொங்கி நின்றன. பிறகு கட்டம் கட்டமாகச் சிதறின. ஒரு மாதமாக இதே கதைதான். அவள் ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல முயன்றாள். கை கன்னத்துக்குப் போகும், விரல்கள் விரியத் தொடங்கும், படம் நின்றுவிடும். என்ன சொல்லவருகிறாள்? உடம்புக்கு ஏதாவதா? யாராவது துன்பம் தருகிறார்களா? அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டியிலிருந்து தன் வீடுவரை இருந்த இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துருவைச் சுரண்டினான். தளர்ந்த முறுக்குகளை இறுக்கினான். மத்தியானத்தில் சோதித்துப் பார்த்தால் குறையே இல்லை. ஆறு மணி ஆனதும் பழையபடி. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. சாயங்காலம் ஊரே கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே உறைக்குள் ஒட்டிக் கிடக்கும் கம்பிகளில், ஒன்றில் ஓடுவது பக்கத்துக் கம்பியிலும் கொஞ்சம் கசிகிறது. முப்பத்தொன்பது வீட்டின் கசிவும் சேர்ந்து, மேட்டுக்கு வரும் மெலிந்த கம்பியை மூழ்கடித்துவிடுகிறது. ஊரைப் பேசாதே என்று சொல்ல முடியுமா?

பெட்டிக்குப் பக்கத்துக் கம்பியில் ஒரு துடுப்புவால் கரிச்சான் தினமும் வந்து உட்காரும். கருகருவென்ற உடம்பு; வாலிலிருந்து இரண்டு மெல்லிய இழைகள் நீண்டு, நுனியில் துடுப்புப் போல விரியும். அந்தக் காலத்தில் அதற்கென்று சொந்தமாக ஒரு பாட்டு இருந்தது. கேட்டவர்கள் வேலையைப் போட்டுவிட்டு நிற்பார்களாம். புயலில் பிரிந்த தன் பெட்டைக்காக விடியற்காலை தவறாமல் அது பாடும். பெட்டை எந்தப் பள்ளத்தாக்கில் இருந்தாலும் அந்தக் குரலை வைத்து ஒரு நாள் வந்துசேரும் என்பது அதன் நம்பிக்கை.

"கம்பிக்காரரே, ஒரு மாசமா அந்தப் பெட்டிய நோண்டிக்கிட்டே இருக்கீரு" என்றது கரிச்சான். "கோளாறு பெட்டியில இல்ல."

"தெரியும். ஊர் இரைச்சல்தான். உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கம்பியில உக்காந்தா கால் வழியா எல்லாம் கேக்கும். எந்த வீட்டுல என்ன ஓடுது, அதுல எவ்வளவு உம்ம கம்பிக்குக் கசியுதுன்னு எனக்கு அத்துப்படி."

கோலப்பன் கையிலிருந்த கம்பி முறுக்கும் குறட்டைக் கீழே வைத்தான். "கசிவை அப்பிடியே திருப்பிப் போட்டா? அவங்க மேடு போடுற எடத்துல நீ ஒரு பள்ளம் போட்டா? மேடும் பள்ளமும் சேந்தா சமதரையாயிரும். மிஞ்சுறது எங்க அக்கா படம் மட்டும்தான்."

கரிச்சான் தலையைச் சாய்த்து யோசித்தது. "போடலாம். முப்பத்தொம்பது வீட்டுக் குரலையும் நான் வாங்கி, தலைகீழா மாத்தி, உம்ம கம்பியில பாடணும். மூணு சாயங்காலம் பாடுவேன். அதுக்கு மேல பாடுனா அந்தக் குரலெல்லாம் என் தொண்டையிலயே தங்கிப்போகும். எனக்கு என் குரல் வேணும்."

"மூணு நாள் போதும்" என்றான் கோலப்பன்.

முதல் சாயங்காலம் படம் சிதறுவது பாதியாகக் குறைந்தது. இரண்டாம் சாயங்காலம் தெளிந்தது. அக்காவின் முன்நெற்றியில் நரை விழுந்திருந்ததை அன்றுதான் பார்த்தான். அரை மணி நேரமும் அவர்கள் உருப்படியாக ஒன்றும் பேசவில்லை. அட்டை, மூடுபனி, அட்டை என்று சின்னப் பிள்ளைகளைப் போல மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் முகத்தில் துன்பம் எதுவும் தெரியவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் சாயங்காலம் அவன் கேட்டான்: "ஒரு மாதமாக என்ன சொல்ல வந்தாய்?"

அவள் கை கன்னத்துக்குப் போனது. விரல்கள் விரிந்து, நெற்றியில் நரை விழுந்த இடத்தைத் தொட்டு இறங்கின. இந்த முறை படம் நிற்கவில்லை. முழுச் சைகையையும் பார்த்தான். ஆனால் அது அவர்கள் பாஷையில் இல்லாத சொல்.

"என்ன அது?"

"நான்" என்று அவள் தன் நெஞ்சைத் தொட்டாள். அதற்குள் விடுதியில் அடுத்த பெண் வந்து நின்றாள். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று கை காட்டிவிட்டுப் பகவதி போய்விட்டாள்.

கரிச்சான் மேட்டு வீட்டு வேலியில் வந்து உட்கார்ந்தது. குரல் கம்மியிருந்தது. "மூணு நாள் முடிஞ்சுது, கம்பிக்காரரே. நாளைக்கும் வேணுமா?"

வேண்டாம், போதும் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். கரிச்சான் அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தது. கோலப்பன் அதன் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். வேணும் என்றும் சொல்லவில்லை. வெறுமனே நின்றான். கரிச்சான் பறந்துபோனது.

நான்காம் சாயங்காலம் அது வந்து கம்பியில் உட்கார்ந்து பாடியது.

படம் சுனைத் தண்ணீர் போலத் துலக்கமாக இருந்தது. பகவதி தனியாக இல்லை. அவளுக்குப் பின்னால் பதினேழு பேர். ஆலையில் வேலை செய்யும் காது கேளாத பெண்கள். இத்தனை வருஷம் ஆளுக்கொரு மூலையில் கிடந்தவர்கள், இப்போது ஒரே கூடத்தில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு கைப்பேச்சு இருந்தது. இரண்டு பேருடைய பேச்சல்ல, ஊர் ஊராக ஆயிரக்கணக்கானவர்கள் பேசுகிற பேச்சு. அதில் பகவதிக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கன்னம், விரியும் விரல்கள், நெற்றியில் ஒரு தொடல். ஒரு மாதமாக அவள் தம்பியிடம் சொல்லத் துடித்தது அதுதான். எனக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.

பின்னாலிருந்த ஒருத்தி விரல்களை மடமடவென்று அசைத்து ஏதோ சொன்னாள். பகவதி தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. ஒவ்வொரு விரலும் அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. ஒன்றும் புரியவில்லை.

அக்கா அவன் பக்கம் திரும்பி, அவன் அறிந்த பழைய சைகைகளில் அதை விளக்க முயன்றாள். இடையில் தடுமாறினாள். மூடுபனிக்கான சைகை அவள் கைக்கு வரவில்லை. புதிய பாஷையின் சைகையைப் போட்டுவிட்டு, 'இதுதானே?' என்பது போல அவனைப் பார்த்தாள். கோலப்பன் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடினான். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் கைகளை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"நீயும் இதைக் கற்றுக்கொள்" என்றாள் பகவதி. "நான் சொல்லித்தருகிறேன்."

"சரி" என்றான். அவள் தன் வலது கை விரல்களை எண்ணிவிட்டு, ஆறாவது விரலைத் தேடுவது போல அவனைக் கூர்ந்து பார்த்தாள்.

மறுநாள் விடியற்காலை கோலப்பன் பெட்டியடிக்குப் போனான். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்திருந்தான். கரிச்சான் கம்பியில் உட்கார்ந்து வாயைத் திறந்தது. வந்தது தொலைபேசி மணி. மறுபடி திறந்தது. ஆட்டுக்குட்டியின் கத்தல், ஒரு கிழவரின் இருமல், யார் வீட்டு ஜன்னலோரத்திலோ கத்திய கொண்டைக்குருவியின் கூவல், யாரோ ஒரு பெண் "யாரு பேசுறது?" என்று கேட்பது. அதன் சொந்தப் பாட்டை மட்டும் காணோம்.

அந்த நேரம் பார்த்து, நேற்றுவரை கேட்ட பாட்டைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்கைக் கடந்து அதன் பெட்டை வந்து எதிர்க் கம்பத்தில் இறங்கியது. கரிச்சான் சிறகை விரித்து என்னென்னவோ குரல்களில் அழைத்தது. பெட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் தன் துணையைத் தேடியது. கண் முன்னால் இருந்தது யாரோ என்று நினைத்து, வந்த வழியே பறந்துபோய்விட்டது.

கோலப்பன் கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டான். அவன் செய்த தவறு பேசாமல் நின்றதுதான். அதைத் திருப்பி எடுக்க வழியில்லை. ஆனால் இன்னொரு பறவை இந்த வேலைக்கு வந்து உட்காரக் கூடாது என்று அன்றைக்குத் தீர்மானித்தான்.

கரிச்சான் செய்த வேலையைச் செய்ய ஒரு கருவியைக் கட்ட வேண்டும். அதற்கு எந்தக் கம்பி எந்தக் கம்பிக்குள் எவ்வளவு கசிகிறது என்று தெரிய வேண்டும். நாற்பது வீட்டையும் அளந்தாக வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனாலும் பலிக்காது. அவன் வீடு வீடாக ஏறினான். "மத்தவங்க எல்லாம் சும்மா இருக்கும்போது நீங்க மட்டும் ஒரே சத்தத்த அனுப்பணும். அடுத்து பக்கத்து வீடு" என்று ஒவ்வொரு வாசலிலும் விளக்கினான்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தாயம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏ கோலப்பா, இருவது வருசமா எங்க வாசக் கம்பத்துல ஏறி எறங்குத. ஒரு நாளாவது உள்ள வந்து ஒரு வாய்த் தண்ணி குடிச்சிருக்கியாடே?"

"இல்லக்கா."

"உள்ள வா."

மழைக்காலம் முழுவதும் அளந்தான். பிறகு பெட்டிக்குள் அந்தக் கருவியைப் பொருத்தினான். எந்த வீட்டுக்கு எது போகிறதென்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, கசியப் போகிற மேட்டுக்கெல்லாம் பள்ளத்தை அது முதலிலேயே கலந்து அனுப்பியது. சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்பது வீட்டிலும் படம் நின்று தெளிந்தது.

கோலப்பன் வெளியே வந்து, கம்பியில் இன்னும் உட்கார்ந்திருந்த கரிச்சானை அண்ணாந்து பார்த்தான். "இனிமே நீ பாட வேண்டாம்" என்றான்.

கரிச்சான் அவனை உற்றுப் பார்த்தது. பிறகு அச்சு அசல் அவன் குரலிலேயே, "இனிமே நீ பாட வேண்டாம்" என்றது. மனிதனிடம் அது கடைசியாகப் பேசியது அதுதான். காட்டை நோக்கிப் பறந்துவிட்டது.

தெருமுனைக் கம்பிப் பெட்டிகள் ஒரு வீட்டுக்குப் பேசுமுன் அக்கம்பக்கத்து வீடுகளையெல்லாம் கேட்டுக்கொள்வது அன்றைக்குத் தொடங்கியதுதான். துடுப்புவால் கரிச்சான் விடியற்காலையில் காட்டிலுள்ள மற்றப் பறவைகளின் குரல்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பாடிப் பார்ப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். அவற்றில் எது தன் குரல் என்று அதற்கும் தெரியாது, கேட்கிற நமக்கும் தெரியாது.