முதுகுக்கு ஒரு காவல்

முன்னொரு காலத்தில், எதிரிகள் யாரும் படையெடுத்து வராததால் சலித்துப்போன அரசர் ஒருவர் இருந்தார். போர் வேண்டும், ஆனால் யாரும் சாகக் கூடாது என்று யோசித்து அவர் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். மதிய உணவு முடிந்ததும் அவையினர் வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கொரு மரப்பொம்மை; அதுதான் அவருடைய வீரன். காடு, குகை, பூதம் என்று அரசர் கதை சொல்லிக்கொண்டு போவார். தன் வீரன் என்ன செய்கிறான் என்பதை ஒவ்வொருவரும் சொல்லித் தாயக்கட்டையை உருட்டுவார்கள். அடி விழுந்ததா, தப்பியதா என்பதைக் கட்டை சொல்லும். கவசம் அணிந்த வீரன்மேல் விழுந்த அடி செல்லாது.

அந்தக் கவசத்தில்தான் வம்பு வந்தது. முதலில் அதைக் கடையில் வாங்கலாம் என்று இருந்தது. சேனாதிபதி கொடும்பாளர் தன் வீரனுக்கு ஒன்று வாங்கிய மறுநாளே, விலைக்கு வாங்குவது வீரத்துக்கு இழுக்கு என்று விதி வந்தது. பிறகு எதிரியை வென்று பறிக்கலாம் என்றார்கள். தலைமை மந்திரி பரிமேலரின் வீரன் ஒன்றைப் பறித்ததும், செத்தவன் உடம்பில் இருந்ததைத் தொட்டால் தீட்டு என்று அதையும் தடுத்தார்கள். பரிசாகப் பெறலாம் என்ற விதி மட்டும் மிஞ்சியது. மீதிப் பேருக்கெல்லாம் பரிசு கிடைக்கும்வரை அது நீடித்தது.

வெறும் மார்போடு நின்றது விகடகவி வேம்பையனின் வீரன் மட்டும்தான்.

அதைப் பார்த்த பிறகுதான் பரிமேலர் எழுந்தார். "அரசே, பொம்மை செத்தாலும் ஆட்டக்காரர் மறுநாள் வெற்றிலை மென்றுகொண்டு வந்து உட்காருகிறார். பயமில்லாத போர் என்ன போர்? நாளை வீரனை இழப்பவர், காவலில் தூங்கியவர்களை அனுப்புகிறோமே, அந்த உப்பளத்துக்குப் போகட்டும். கவசத்தை இனி வாங்கவும் கூடாது, பறிக்கவும் கூடாது, பரிசாகப் பெறவும் கூடாது."

அரசருக்கு இது பிடித்துவிட்டது.

"வேறு வழியில் கிடைத்தால்?" என்று கேட்டார் வேம்பையன்.

"வேறு வழி இருந்தால் தாராளமாக" என்றார் மந்திரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"செல்லும்" என்றார் அரசர்.

வீட்டில் மாரக்காள் சோற்றைப் போட்டபடி கணவரின் முகத்தைப் பார்த்தாள். "பொம்மை செத்தா மனுசன் உப்பு வாரப் போகணுமா? இது எந்த ஊரு நியாயம்?"

"அரசர் ஊர் நியாயம்."

"போறதுன்னா நீங்க மட்டும் போங்க. அந்த வெயில்ல பிள்ளைகளை என்னால கூட்டிட்டு வர முடியாது."

வேம்பையன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். உப்பளத்துக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். பாதிப் பேருக்குக் கண் பார்வை போயிருந்தது.

மறுநாள் அரசரின் கதையில் குகை வாசலில் பூதம் வந்து நின்றது. அதற்காகக் கட்டை உருட்டும் பொறுப்பைப் பரிமேலர் கேட்டு வாங்கிக்கொண்டார். பூதம் நேராக வேம்பையனின் வீரனை நோக்கி நடந்தது.

"உன் வீரன் என்ன செய்கிறான்?" என்றார் அரசர்.

"கவசம் சொல்கிறான், அரசே."

"அணிகிறான் என்று சொல்."

"இல்லை, சொல்கிறான்." வேம்பையன் கண்ணை மூடிக் கைகூப்பினார்.

"உச்சியை மன்னர் உவந்து காக்க,
கண்ணை மன்னர் கருணை காக்க,
மார்பை மன்னர் மறவாது காக்க,
கைகால் எல்லாம் காவலர் காக்க,
முதுகை மந்திரி முன்வந்து காக்க."

"இது பாட்டு, கவசமில்லை" என்று சீறினார் பரிமேலர்.

"தினமும் விடிந்ததும் தெப்பக்குளத்தில் ஈர வேட்டியோடு நின்று, தெருவுக்கே கேட்கும்படி ஒன்று சொல்கிறீர்களே, அது என்ன ஐயா?"

"கவசம்தான்" என்றார் கொடும்பாளர். அவர் வீடு குளக்கரையில் இருந்தது. பல நாள் தூக்கம் அவருக்குக் கெட்டிருந்தது.

"அதை நீங்கள் வாங்கவில்லை, பறிக்கவில்லை, யாரும் பரிசாகத் தரவும் இல்லை" என்றார் வேம்பையன்.

அரசர் மீசையைத் தடவினார். "செல்லும் என்று சொன்னது நான்தான். இந்தக் கவசம் காக்கிறதா பார்ப்போம். உருட்டும், மந்திரியாரே."

பரிமேலர் உருட்டினார். தாயம் விழுந்தது. "தலையில் அடி!"

"தலையைக் காப்பவர் மன்னர்" என்றார் வேம்பையன் மெதுவாக. "மன்னர் காத்தும் அடி விழுந்துவிட்டது என்கிறீர்களா?"

அவையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். மந்திரி அவசரமாகத் திருத்தினார். "தவறிச் சொல்லிவிட்டேன். அடி முதுகில்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

"முதுகு உங்கள் காவல்" என்றார் வேம்பையன். "அடிப்பவரும் நீங்கள், காப்பவரும் நீங்கள். அடி விழுந்திருந்தால் காவலில் தூங்கிவிட்டீர்கள் என்று ஆகிறது. தூங்கியவர்களை எங்கே அனுப்புவோம் என்று நேற்று சொன்னீர்களே, எனக்கு ஊர் மறந்துவிட்டது."

பரிமேலர் கட்டையைப் பார்த்தார், அரசரைப் பார்த்தார். "பூதத்தின் கை வழுக்கிவிட்டது" என்றார்.

அரசர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துச் சிம்மாசனத்தின் கைப்பிடியில் சாய்ந்தார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து வேம்பையனுக்குப் போர்த்தினார். "மந்திரியாரே, பொறுப்பைப் பாதியில் விடக் கூடாது. இவர் வீடு சேரும்வரை பின்னால் நடந்து முதுகைக் காத்துவிட்டு வாரும்" என்றார்.

அன்று மாலை கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. முன்னால் பட்டுப் போர்த்திய விகடகவி. பின்னால், வெற்றிலையைக்கூட மெல்லாமல், தலைமை மந்திரி. வீட்டு வாசலில் வணங்கிவிட்டு அவர் விடுவிடுவென்று திரும்பிப் போனார்.

நடந்ததையெல்லாம் கேட்ட மாரக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மனுசனைப் பின்னால விட்டுட்டா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க? முதுகைக் காட்டுங்க, பார்ப்போம்."

இது மறுநாள் அவைக்கு எட்டியது. அரசர் முந்தைய நாளைவிட அதிகமாகச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பரிமேலரைச் சற்று நேரம் பார்த்தார். மாரக்காளுக்கு ஒரு பட்டுப்புடவை போனது. பூதத்துக்காகக் கட்டை உருட்டும் வேலை அன்றுமுதல் வேம்பையன் கைக்கு வந்தது.