பித்தளை வளையம்

"மூணாவது கியர் விழமாட்டேங்குது, அம்மணி."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா. போட்டாக் கரகரன்னு கத்துது."

"நீங்க என்ன பண்றீங்க?"

"அழுத்திப் போடறேன். வேற என்ன பண்றது?"

ஜெயசீலி லாரிக்கு அடியில் சாக்கை விரித்தாள்.

சங்ககிரியில் கியர் பாக்ஸ் என்றால் அவளிடம்தான் அனுப்புவார்கள். அவளுக்கு முப்பத்தைந்து வயது. லாரியைக் கொண்டுவந்த பொன்னுரங்கத்துக்கு ஐம்பத்தாறு. வண்டி நிறைய மாட்டுத் தீவனம். மறுநாள் மாலைக்குள் திம்பம் மலை ஏறி, தாளவாடியில் இறக்க வேண்டும்.

"சக்கரத்துக்குக் கட்டை குடுங்க" என்றாள், படுத்துக்கொண்டே.

பொன்னுரங்கம் போனை எடுத்தார். வீட்டுக்குப் பேசினார்.

"பாவாயி, உன் மகனைச் சக்கரத்துக்குக் கட்டை வெக்கச் சொல்லு."

நான்கு அடி தள்ளி நின்றிருந்த மதனின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டான். கட்டைகளை வைத்தான்.

"வெச்சாச்சுன்னு அவர்கிட்டச் சொல்லிரும்மா" என்றான்.

ஜெயசீலி அடியிலிருந்து தலையை நீட்டி இருவரையும் பார்த்தாள். மறுபடி உள்ளே போனாள்.

எட்டு மாதமாக இப்படித்தான்.

லாரி வேண்டாம் என்றுதான் பொன்னுரங்கம் மகனைப் படிக்க வைத்தார். அவன் படித்தான். வேலைக்குப் போனான். ஒருநாள் திரும்பி வந்து, ஹெவி லைசென்ஸை மேசைமேல் வைத்தான். அன்று அவர் சொன்னதை அவன் மறக்கவில்லை. அவன் திருப்பிச் சொன்னதை அவரும் மறக்கவில்லை. இரண்டாவது டிரைவர் யாரும் கிடைக்காததால் அவனையே ஏற்றிக்கொண்டார். ஏற்றிக்கொண்டாரே தவிர, ஸ்டியரிங்கை ஒருநாளும் கொடுத்ததில்லை.

அவர் போன் அடித்தது. பாவாயி.

"கேட்டுக்கங்க. இந்த நடையோட அவன் இறங்கிக்கிறானாம். வேற வண்டி பார்த்துட்டானாம். சொல்லச் சொன்னான், சொல்லிட்டேன். இனிமே ரெண்டு பேரும் எனக்குப் போன் பண்ணாதீங்க. என்னால முடியல."

திரும்பக் கூப்பிட்டார். போனை அணைத்து வைத்திருந்தாள்.

மதியத்துக்குள் கியர் பாக்ஸ் இறங்கிவிட்டது.

ஜெயசீலி ஒரு வளையத்தை மண்ணெண்ணெயில் கழுவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். பித்தளை. உட்பக்கம் வழவழவென்று இருந்தது.

"உள்ளே நூல் மாதிரி கோடு இருக்கணும். எல்லாம் போயிருச்சு."

"இதுக்கு என்ன வேலை?"

"இந்தப் பக்கம் இரும்பு, அந்தப் பக்கம் இரும்பு. ஒண்ணு வேகமாச் சுத்தும். இன்னொண்ணு மெதுவாச் சுத்தும். இது நடுவுல நின்னு உரசி உரசி ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். அப்புறம்தான் பல்லு சேரும்."

"இதையும் இரும்புல பண்ணியிருந்தாத் தேயாதே."

"இது தேயாட்டிப் பல்லு தேயுங்ணா."

பொன்னுரங்கம் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசு போட்டுரு" என்றார்.

"என்கிட்ட வேற வளையம் இல்லை. கோயமுத்தூர்ல இருந்து வரணும். மூணு நாள் ஆகும்."

"சரக்கு நாளைக்குப் போயாகணுமே."

"அப்ப இதையே மாட்டித் தர்றேன். இது பண்ண வேலையை ஓட்டறவர் பண்ணிக்கணும். டபுள் கிளட்ச் தெரியுமில்ல?"

"என்னையா கேக்கறே? நான் ஓட்டப் பழகின வண்டியே அதுதான். கிளட்ச் மிதிச்சு நியூட்ரல். உடனே கிளட்சை விட்டுரணும். அப்புறம்..."

நிறுத்தினார்.

"அப்புறம்?"

"பொறுக்கணும். எஞ்சின் சத்தத்தைக் கேக்கணும். ஒத்து வர்றப்பத்தான் மறுபடி கிளட்ச் மிதிச்சுப் போடணும்."

"தெரிஞ்சேதான் அழுத்திப் போட்டீங்களா?"

அவர் வளையத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை வண்டி தயாராக நின்றது. பொன்னுரங்கம் மகனைப் பார்த்தார். போனைப் பார்த்தார். ஜெயசீலியிடம் வந்தார்.

"அம்மணி, அவனை அந்தக் கட்டையை எடுக்கச் சொல்லு."

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"வேற வளையம் என்கிட்ட இல்லைன்னு நேத்தே சொன்னேனே" என்றாள்.

உள்ளே போய்விட்டாள்.

கட்டைகள் கிடந்தன. வெகுநேரம் கழித்து பொன்னுரங்கம் குனிந்து ஒன்றை எடுத்தார். அந்தப் பக்கத்துக் கட்டையை மதன் எடுத்தான்.

சத்தியமங்கலம் வரை பேச்சில்லை. பண்ணாரி தாண்டியும் இல்லை.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் பொன்னுரங்கம் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கினார். முன்பக்கமாகச் சுற்றி வந்து மதன் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

இங்கேயே இறங்கச் சொல்கிறார் என்று மதன் நினைத்தான். காலடியில் இருந்த பையை எடுத்தான்.

"பையை வை" என்றார். "அந்தப் பக்கம் போ. நீ ஓட்டு."

எட்டு மாதத்தில் அதுதான் முதல் பேச்சு.

மதன் வண்டியை எடுத்தான். ஒன்று. இரண்டு. மூன்றுக்கு அழுத்தினான். கேபின் முழுவதும் கரகரவென்று அதிர்ந்தது. வண்டி நின்றது.

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். சேர்த்து வைத்திருந்தது எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது.

மூடிக்கொண்டார்.

சாலையோர மைல்கல்லில் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"நானும் இப்படித்தான் போட்டுக்கிட்டிருந்தேன்" என்றார்.

மதன் திரும்பினான்.

"மறுபடி எடு. ரெண்டுல போ. இப்ப நியூட்ரல். கிளட்சை விட்டுரு. கேளு, சத்தம் இறங்குது பாரு. இன்னும் கொஞ்சம். ம், இப்ப மிதிச்சுப் போடு."

சட்டைப்பைக்குள் கை போவதுபோல் கியர் உள்ளே போனது.

மதன் ஒருமுறை கியர் குமிழைத் தொட்டுப் பார்த்தான்.

முதல் வளைவு வந்தது. மேலே என்ன வருகிறது என்று ஓட்டுபவனுக்குத் தெரியாத வளைவு. மதனின் கை பழக்கத்தில் போன் இருந்த சட்டைப்பைக்குப் போனது. பாதியில் திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்தது.

"அப்பா, ஏதாச்சும் வருதா பாருங்க."

பொன்னுரங்கம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"பஸ்சு வருது, சாமி. அவன் இறங்கட்டும். பொறுத்துப் போலாம்."